சேனை வைத்த விரல்

மணி மூன்றரை ஆகிவிட்டது, தேங்காய் நார் இன்னும் பற்றிய பாடில்லை. புகை டப்பாவின் வாயில் ஊதி ஊதி உலகம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம். முந்தாநாள் பெய்த மழையில் நார் நமத்துப்போயிருந்தது, காலையிலேயே எடுத்து வெயிலில் போடவேண்டும் என்று நினைத்தாள்தான், அதற்குள் அந்த போன் வந்துவிட்டது, போன் வந்த பிறகு எதைத்தான் உருப்படியாகச் செய்தாள், ரசத்துக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள், வீட்டுக்காரர் குற்றாலிங்கம் ஒரு வாய் வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார், மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு ரைஸ்மில்லுக்குத் திரும்பிப் போனார், நல்ல மனுஷன், கேட்டிருந்தால் அவளும் என்னத்தைச் சொல்லியிருப்பாள். 'பொம்பளப் பிள்ளை அத்தை. விடியக்காலம் நாலு மணிக்குப் பொறந்துச்சு. ரெண்டே முக்கால் கிலோ. நீ சாயங்காலம் வா. வரும்போது தேன் கொண்டா, எனக்கு வச்ச அதே தேன். நீதான் சேனை வைக்கணும், வேற யாரு வந்தாலும் நான் விட மாட்டேன்.' அண்ணன் மகள் வள்ளிமயில், பிள்ளை பெற்று நாலு மணி நேரம் ஆகவில்லை, குரலில் கொஞ்சம் சோர்வு இருக்கவேண்டாமா, தாசில்தார் கணக்காக உத்தரவு போட்டுவிட்டு வைத்துவிட்டாள். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகத் தேன் தொட்டு வைப்பதற்குப் பெயர் சேனை. வைக்கிற கை யாருடையதோ அவர்கள் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள், அதனால் பொறுமைசாலியாக, வாய் அடக்கமானவளாக, நாலு பேர் மெச்சுகிற ஆளாகப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். உலகம்மாளிடம் இதில் ஒன்றுகூடக் கிடையாது என்பது இலஞ்சி ஊர் முழுக்கத் தெரியும். ஆனால் இப்போது விஷயம் அது இல்லை. வாய்த்துடுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். வேறொன்று இருக்கிறது, அது ஊரில் யாருக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது, அதை நினைக்கும்போதுதான் நார் பற்றிக்கொண்டு குபுகுபுவென்று புகை வந்தது.

தேனீப் பெட்டி புறவாசலில் வேப்பமரத்தடியில் இருந்தது. நாலு கால் வைத்த பலகை, ஒவ்வொரு காலுக்கும் கீழே தண்ணீர் ஊற்றிய ஒரு கிண்ணம். எறும்பு ஏறக்கூடாது என்பதற்காக அந்தத் தண்ணீர், அதைமட்டும் உலகம்மாள் ஒருநாளும் மறந்ததில்லை, காய்ச்சலில் கிடந்தபோதும் எழுந்துவந்து ஊற்றியிருக்கிறாள், எறும்பு என்றால் அவளுக்கு ஆகாது, அதற்கும் காரணம் உண்டு, வரட்டும். அவள் பக்கவாட்டில் போய் நின்றாள். பெட்டியின் வாசலை மறித்து நிற்கக்கூடாது, போகிற வருகிற ஈக்குக் கோபம் வரும். நின்றவளுக்கு அப்போதுதான் பிச்சிப்பூ வாசனை மூக்கில் ஏறியது. அடிப்பாவி. ஆஸ்பத்திரிக்குப் போகிற அவசரத்தில் குளித்து, நல்ல சேலை உடுத்தி, பவுடர் போட்டு, இரண்டு முழம் பிச்சிப்பூவும் தலையில் வைத்துக்கொண்டு தேன் எடுக்க வந்து நிற்கிறாளே, எந்த மடச்சி செய்வாள் இந்த வேலையை, வாசனை வைத்துக்கொண்டு பெட்டியைத் திறக்காதீர்கள் என்று பயிற்சியில் முதல் நாளே சொன்னார்கள். பூவை உருவிக் கொடியில் தொங்கப்போட்டாள். பவுடரைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள், துடைத்தால் போகிற வாசனையா அது. சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டாள். மல்லிகையாக இருந்திருந்தால் இந்தக் கூத்தே நடந்திருக்காது, மல்லிகையை அவள் தலையில் வைத்து இருபத்தாறு வருஷம் ஆகிறது, அந்த வாசனை வந்தாலே நெஞ்சில் ஈரத்துணி வைத்துக் கட்டிய மாதிரி இருக்கும். கட்டினார்கள்தானே. ஏழாம் மாசத்தில் அவள் வயிற்றுப் பிள்ளை மூச்சில்லாமல் வந்து விழுந்த பிறகு, குடிக்க ஆளில்லாத பாலை வற்றவைக்க மல்லிகைப்பூவை அரைத்து வைத்து நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார்கள். மூன்று நாள் கட்டிக்கிடந்தாள். வற்றியது.

மேல்மூடியைத் தூக்கி இரண்டு ஊது ஊதினாள். உள்ளே உறுமல் ஏறி இறங்கியது. பெட்டியில் கீழறை ராணிக்கும் முட்டைக்கும் புழுவுக்கும், அதை மனுஷர் தொடக்கூடாது. மேலறைதான் தேனுக்கு. சிறிய மரச்சட்டங்கள் வரிசையாகத் தொங்கும், சட்டத்துக்கு ஒரு அடை. ஓரத்துச் சட்டத்தை விரலால் நெம்பித் தூக்கினாள், கனம், நல்ல கனம். மேலே முக்கால்வாசி கண்களை ஈக்கள் வெள்ளை மெழுகால் மூடியிருந்தன, மூடியிருந்தால் தேன் பழுத்துவிட்டது என்று அர்த்தம். பங்குனித் தேன், முழுக்க வேப்பம்பூ, லேசாகக் கசக்கும். எனக்கு வச்ச அதே தேன். அதே தேனாம். உலகம்மாளுக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது, ஆனால் சட்டம் ஆடினால் ஈ கலையும், அடக்கிக்கொண்டாள். புல்லுக் கற்றையால் ஈக்களைப் பைய வழித்துப் பெட்டிக்குள்ளேயே விட்டாள். அவசரப்படாதே உலகு, கையைச் சடக்கென்று ஆட்டாதே. இந்த ஒரு இடத்தில்தான் அவள் சாந்தமாக இருப்பாள், வேறு எங்கேயாவது இப்படி நிதானமாகக் கை அசைத்திருந்தால் ஊரில் பாதிப் பேரோடு பேச்சுவார்த்தை மிஞ்சியிருக்கும். சட்டத்தைக் கொண்டுபோய் ஈரத்துணி போட்டு மூடிய குத்துப்போணிக்குள் வைத்தாள். அடுத்த சட்டம்.

வள்ளிமயில் பிறந்த அன்றைக்கும் இப்படித்தான் எல்லாரும் பைய நடந்தார்கள். ஆஸ்பத்திரி அறையில் அவள் வருகிறாள் என்றதும் பேச்சு நின்றது. அவளுக்குப் பிள்ளை போய் நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. அண்ணன் திருமலைதான் வீட்டுக்கே வந்து கூட்டிப்போனது, 'என் தங்கச்சி வைக்கட்டும், அவ மனசு ஆறும்' என்று எல்லார் முன்னாலும் சொன்னான், பாவம் அவனுக்கு அவ்வளவுதான் தெரியும், பிரியம் வந்தால் யோசிக்க மாட்டான். வடிவு மதினியைப் பெற்ற அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மதினி கட்டிலில் கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் துணிச் சுருளுக்குள் மயிலு, முகம் மட்டும் வெளியே, சிவந்துபோய், ஏதோ பிடிக்காத சங்கதியைக் கேட்ட மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு. யாரோ வெள்ளிக் கிண்ணத்தை நீட்டினார்கள். உலகம்மாள் மோதிர விரலைத் தேனில் முக்கினாள். முக்கியபிறகுதான் பயம் வந்தது. இந்தக் கை. இந்தக் கையால் இந்தப் பிள்ளைக்கா. குணம் போகும் என்கிறார்களே, குணம் மட்டும்தான் போகுமா, மற்றதும் போனால். அவளுடைய பிள்ளை மூச்சு விடாதது எதனால் என்று ஒரு டாக்டரும் சொல்லவில்லை. அவள் ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசுகிற சாக்கில் சற்றுத் திரும்பினாள், யாருக்கும் தெரியாமல் விரலைச் சேலைக் கொசுவத்துக்குள் விட்டு அழுத்தித் துடைத்தாள், ஒரு தரம், இன்னொரு தரம், பிறகு குனிந்து அந்த வெறும் விரலைப் பிள்ளையின் வாயில் வைத்தாள். பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டது. ஒன்றுமே இல்லாத விரலை அப்படி உறிஞ்சியது. எவ்வளவு பலம் அந்தச் சின்ன வாய்க்கு. வற்றிப்போனது என்று சொன்ன நெஞ்சு சுரீரென்றது, ரவிக்கை நனைந்தது, உலகம்மாள் கிண்ணத்தைக் கழுவப் போகிற மாதிரி ஓடிப்போய்க் குழாயடியில் நின்றுகொண்டாள்.

இரண்டாம் சட்டத்தை வைத்துவிட்டு மூன்றாவதைத் தொட்டாள். அது அடியில் ஒட்டியிருந்தது, கத்தி முனையைக் கொடுத்து நெம்பவேண்டும். அன்று வீட்டுக்கு வந்து சேலையை அவிழ்த்துப் போட்டவள் மறுநாள் விடிந்து பார்த்தால் கொசுவம் முழுக்க எறும்பு. சிவப்பு எறும்பு, சாரை சாரையாக, சுவரோரம் வழியாக வந்து சேலையை மொய்த்துக்கொண்டு நின்றது. 'சேலையில என்ன எறும்பு' என்று வீட்டுக்காரர் கேட்டார். 'பாயசம் கொட்டிட்டு' என்றாள். யார் வீட்டில் அன்றைக்குப் பாயசம். அவர் கேட்கவில்லை, அவர் எப்போதும் பாதியோடு நிறுத்திக்கொள்வார். ஊரில் உலகம்மாளின் களவு தெரிந்தது அந்த எறும்புகளுக்கு மட்டும்தான், அதுகளையும் அவள் தண்ணீரில் முக்கிக் கொன்றாள். அதற்கப்புறம் என்ன ஆனது, யாரிடமாவது சொன்னாளா, சொல்லலாம் என்றுதான் இருந்தாள், பதினாறாம் நாள் பேர் வைக்கப் போனபோது மதினியிடம் சொல்லிவிடுவது என்று வாய்வரைக்கும் கொண்டுவந்தாள், மதினி பிள்ளையை எடுத்து அவள் மடியில் போட்டுவிட்டு 'பிடி, ஒன் மருமவள' என்றாள். அப்புறம் எப்படிச் சொல்வது. பிறகு மயிலு வளர்ந்தாள். வளர்ந்தாளா அது, மூன்று வயதில் பிடிக்காத சோற்றைத் தட்டோடு முற்றத்தில் எறிந்தாள், ஏழு வயதில் டீச்சர் தப்பாகக் கணக்குப் போட்டதை வகுப்பிலேயே எழுந்து சொன்னாள், பதினாலு வயதில் சடங்குக்கு வந்த கூட்டத்தில் தாய்மாமன் முகத்துக்கு நேரே 'இந்தச் சேலை எனக்குப் பிடிக்கல' என்றாள். ஒவ்வொரு தடவையும் வடிவு மதினி தலையில் கைவைத்துக்கொண்டு, உலகம்மாள் இருக்கிற பக்கம் பார்த்து, சபையில் நாலு பேர் கேட்கச் சொல்வாள், 'யாரு சேனை வச்சது, கேக்கணுமா. அப்படியே உலகுதான்.'

கேட்ட சனங்கள் சிரிக்கும். உலகம்மாள் விட்டுக்கொடுக்க மாட்டாள், 'ஆமா, நான் வச்சதுதான், அதுக்கென்ன இப்போ' என்பாள். பொய். வாய் கூசாமல் பொய். ஆனால் அந்தப் பொய்யைச் சொல்லும்போது உள்ளே எங்கேயோ ஒரு இடத்தில் குளுகுளுவென்று இருக்கும், அதை யாரிடம் போய்ச் சொல்வது, ஏச்சு வாங்கிக்கொண்டு ஒருத்தி உள்ளுக்குள் சந்தோஷப்படுவாளா, படுவாள், உலகம்மாள் படுவாள். இருபத்துநாலு வயதில் மயிலு தன் இஷ்டத்துக்கு ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றபோதுதான் அந்தப் பேச்சுக்கு முள் முளைத்தது. அண்ணன் பேசவில்லை. மதினி இதே புறவாசலில் நின்று, 'ஒன் கை ராசி என் மகள இந்தக் கதிக்குக் கொண்டுவந்துட்டு' என்று அழுதாள். கை ராசி. அந்த வார்த்தை. அதைக் கேட்ட அன்றைக்கு உலகம்மாள் கத்தியிருக்கலாம், நான் வைக்கவே இல்லை மதினி, என் விரலில் ஒன்றுமே இல்லை, உங்கள் மகள் கெட்டாலும் நல்லா இருந்தாலும் அது உங்கள் மகள், என்னோடது ஒன்றும் அதில் கிடையாது. சொல்லியிருந்தால் பழி போயிருக்கும். பழியோடு சேர்ந்து மயிலும் போயிருப்பாள். என்னோடது ஒன்றும் அதில் கிடையாது என்கிற வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிக்க அவளால் மனசுக்குள்ளேகூட முடியவில்லை. அந்தப் பையன் நல்ல பையன்தான் என்று பிறகு தெரிந்தது, அண்ணனும் போன தீபாவளிக்கு வாய் திறந்துவிட்டான், எல்லாம் சரியாகப் போனது, ஆனால் மதினிக்கும் அவளுக்கும் நடுவில் அந்த 'கை ராசி' மட்டும் எடுக்காத முள்ளாக நிற்கிறது.

மூன்றாவது சட்டம் வந்துவிட்டது. இது நிறைந்து வழிகிறது. இன்னும் ஒன்று போதும், மிச்சத்தை ஈக்கு விட்டுவிடவேண்டும், வெயில் முற்றினால் அதுகளுக்கும் பூ இருக்காது. ஒன்பது வயதில் மயிலு ஒரு நாள் அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு கேட்டாள், 'அத்தை, நீ எனக்கு வச்ச தேன் எப்படி இருந்துச்சு?' பிள்ளைகள் இப்படித்தான், யாரும் கேட்காத இடத்தில் விரலை விடும். உலகம்மாள் முற்றத்தைப் பார்த்தாள், வேப்பம்பூ உதிர்ந்து கிடந்தது, வாயில் வந்ததைச் சொன்னாள், 'வேப்பம்பூத் தேன்ட்டி. லேசாக் கசக்கும்.' மயிலு கண்ணை மூடிக்கொண்டு நாக்கைச் சப்புக்கொட்டினாள், 'ஆமா அத்தை, எனக்கு ஞாபகம் இருக்கு' என்றாள். அந்த ஞாபகம் இருக்கிறதே, அதைத்தான் உலகம்மாளால் தாங்க முடியவில்லை. எட்டு வருஷம் கழித்துத் தோட்டக்கலை ஆபீசில் தேனீ வளர்க்கப் பயிற்சி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள், பெட்டியைக் கொண்டுவந்து வேப்பமரத்துக்குக் கீழேதான் வைப்பேன் என்று நின்றாள், இந்த வயதில் உனக்கு என்னத்துக்கு ஈயும் கூடும் என்று ஊர் கேட்டது. சொன்ன பொய்க்கு ஒரு தேனாவது இருக்கட்டும் என்றுதான். முதல் பங்குனியில் எடுத்த முதல் பாட்டிலை மயிலுவுக்குத்தான் கொடுத்தாள். மயிலு ஒரு சொட்டு நக்கிப் பார்த்துவிட்டு 'இதே தேன்தான் அத்தை' என்றாள். அன்றைக்கு உலகம்மாள் சமையலறையில் போய் நின்று அழுதாள்.

நாலாவது சட்டத்தை எடுக்கும்போது கொட்டு விழுந்தது. பவுடர் வாசனைக்கு வந்த ஈயோ என்னவோ, முதலில் கழுத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது, பிறகு கைக்கு இறங்கி, வலது கை மோதிர விரலின் நுனியில், வேறு இடம் கிடைக்காத மாதிரி. உலகம்மாள் கையை உதறவில்லை. சட்டத்தைப் போணியில் வைத்துவிட்டு, நகத்தால் கொடுக்கை ஓரமாகச் சுரண்டி எடுத்தாள், பிடித்து இழுத்தால் விஷம் இறங்கும். அந்த இடத்தில் புகை ஊதினாள். ஒன்று கொட்டினால் அந்த வாடைக்கு நாலு வரும். விரல் விண்விண்ணென்று தெறித்தது. வேணும், உனக்கு நல்லா வேணும். மூடியை அலுங்காமல் வைத்தாள், மேலே கல்லை ஏற்றினாள், கிண்ணங்களில் தண்ணீர் இருக்கிறதா என்று நாலையும் பார்த்தாள், பார்க்கும்போதெல்லாம் மனசு மூன்று வாசலுக்கு ஓடி ஓடித் திரும்பி வந்தது. தேனை வைத்துவிடலாம். வைக்க முடியாது. ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தேன் ஆகாது, பச்சைப் பிள்ளை வயிற்றில் அது நஞ்சாகவும் போகலாம் என்று பயிற்சியில் அந்த ஆபீசர் அம்மா மூன்று தரம் சொன்னாள், அவள் கொடுக்கிற ஒவ்வொரு பாட்டிலிலும் 'ஒரு வயசு ஆகாத பிள்ளைக்குக் குடுக்காதீங்க' என்று தாளில் எழுதி ஒட்டித்தான் கொடுக்கிறாள், மயிலுவே சொன்னாள் போனில், 'நர்ஸக்காவும் கூடாதுங்காவ அத்தை, துளியூண்டுதான, யாரு பாக்கப்போறா' என்று. துளியூண்டும் கூடாது. அப்படியென்றால் வெறும் விரலை வைக்கலாம். மறுபடியுமா. அந்தக் களவை இந்தப் பிள்ளையிடமுமா, தாய்க்கு ஒன்று மகளுக்கு ஒன்று. அப்படியென்றால் சொல்லிவிடலாம். மயிலு, உனக்கு நான் தேன் வைக்கலைட்டி, நீ என்னை மாதிரி ஆனதற்கு நான் காரணம் இல்லை, வேப்பம்பூவும் பொய், உன் ஞாபகமும் பொய். பிள்ளை பெற்றுக் கிடக்கிறவளிடம் போய். அவள் கண்ணை எப்படிப் பார்ப்பது. பேசாமல் போகாமல் இருந்துவிட்டால். ஈ கொட்டிவிட்டது, கை வீங்கிவிட்டது, வர முடியவில்லை. நாலாவது வாசல் ஒன்று திறந்ததும் உலகம்மாளுக்கு அப்பாடா என்று இருந்தது, இருந்த உடனேயே வெட்கமாகவும் இருந்தது.

சட்டங்களைச் சமையலறைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோனாள். வெந்நீரில் போட்ட கத்தியை எடுத்து மெழுகு மூடியைப் பைய சீவினாள், அடைக்குள் தேன் பளபளவென்று வந்து நின்றது. சட்டத்தைத் தகர டிரம்முக்குள் நிறுத்திக் கைப்பிடியைச் சுற்றினாள். சுற்றச் சுற்றத் தேன் தெறித்து டிரம்மின் சுவரில் வழிந்து அடியில் சேரும், அடை உடையாது, காலியான அடையைத் திரும்பக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்தால் ஈ அதிலேயே மறுபடி சேர்க்கும். வீங்கின விரல் கைப்பிடியில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றினாள். அவளிடம் ஏதோ ஒன்று அந்தப் பிள்ளைக்குப் போனதா இல்லையா. இதுதான். இதற்குத்தான் விடை வேண்டும். வெறும் விரலில் குணம் ஒட்டுமா. ஒட்டாது என்றால் மயிலு எப்படி இப்படி. அண்ணனும் இப்படிக் கிடையாது, மதினியும் இப்படிக் கிடையாது, பின்னே இந்தத் துடுக்கு எந்த வழியாக வந்தது. ஒட்டும் என்றால், ஐயோ, மற்றதும் ஒட்டியிருக்குமே, அப்படி ஒட்டவில்லையே, மயிலுவுக்குப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்து ரெண்டே முக்கால் கிலோ இருக்கிறதே. அந்த ஒரு கணக்கில் உலகம்மாளின் கை அப்படியே நின்றுபோனது. டிரம் மட்டும் தன் பாட்டுக்குச் சுற்றி ஓய்ந்தது.

'ஏளா உலகு. அது கடிக்குமா?' வடிவு மதினி துவைகல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், தலையில் முக்காடு போட்டு, மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, வேப்பமரத்தைப் பார்த்தபடி. முன்வாசல் வழியாக எப்போது வந்தாள் என்றே தெரியவில்லை. இந்தப் புறவாசலுக்கு அவள் வந்து இரண்டு வருஷம் ஆகிறது.

'கடிக்காது மதினி. கொட்டும்.'

'ஆமா, ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம்.' அவள் சுவரை ஒட்டி ஒட்டி நடந்து தாழ்வாரத்துக்கு வந்து உட்கார்ந்தாள். 'ஆட்டோ வாசல்ல நிக்கு. நீ வர மாட்டியோன்னு நானே வந்தேன்.'

'நான் ஏன் வர மாட்டேன்?'

'கை என்ன இப்படி வீங்கிக்கெடக்கு. இதைச் சாக்கா வச்சு வராம இருந்திருவேன்னுதான்.' மதினி அவள் கையைப் பிடித்து விரலைத் திருப்பிப் பார்த்தாள். மோதிர விரல் பழுத்த மிளகாய் மாதிரி சிவந்திருந்தது. ஊதினாள், சின்னப் பிள்ளைக்கு ஊதுவது போல. சொல்லிவிடு. இப்போதே சொல்லிவிடு, இந்தக் கையை விடுவதற்குள்.

'மதினி, ஒண்ணு சொல்லணும். மயிலு பொறந்த அன்னைக்கு நான் அவளுக்கு…'

'தெரியும்ளா.' மதினி விரலை விடவில்லை. 'நான் தூங்கல அன்னைக்கு. கண்ணை மூடிக்கிட்டுக் கெடந்தேன். ஒங்க அண்ணன் உன்னக் கூட்டியாரப் போயிருக்காருன்னு தெரிஞ்சதுல இருந்து எனக்குப் பயமா இருந்துச்சு. வேண்டாம்னு சொன்னா நீ செத்துருவே. வையின்னு சொல்ல எனக்கு மனசு வரல. அரைக்கண்ணால பாத்துக்கிட்டே கெடந்தேன். நீ திரும்பி நின்னு கொசுவத்துல தொடைச்சதைப் பாத்தேன். ரெண்டு மட்டம் தொடைச்ச.'

உலகம்மாள் குனிந்து தன் கொசுவத்தைப் பார்த்தாள்.

'பெத்த எனக்கு இருந்த பயத்தைவிட ஒனக்குப் பயம் கூட இருந்துருக்குன்னு அப்பத்தான் தெரிஞ்சுது' என்றாள் மதினி. 'அதுக்கப்புறம் எங்க அம்மா கேட்டா. தேனு நல்லா வச்சான்னு சொல்லிட்டேன்.'

'பின்ன ஏன் மதினி இத்தனை வருஷம், சபையில வச்சு…'

'கோவத்துல சொன்னதும் உண்டு. அந்தப் பையன் விஷயத்துல சொன்னது முழுக்கக் கோவந்தான், அதைச் சொல்லியிருக்கக் கூடாது, அன்னைக்கு ராத்திரி முழுக்க நான் உறங்கல.' மதினி மூக்கை உறிஞ்சினாள். 'ஆனா மொத மட்டம் சொன்னேன் பாரு, தட்டத் தூக்கி எறிஞ்சாளே, அப்ப. சும்மா வாயில வந்துட்டு. சொல்லிட்டு ஒன் மூஞ்சியப் பாத்தேன். ஏச்சு வாங்கின மூஞ்சியா அது? அப்படி ஒரு சந்தோஷம். அதுக்கப்புறம் வேணும்னேதான் சொன்னேன். எனக்கு மூணு பிள்ளை இருக்கு உலகு. ஒண்ணாவது ஒன்ன மாதிரி இருந்துட்டுப் போகட்டுமே.'

தாழ்வாரத்து ஓரத்தில் இரண்டு எறும்பு வந்துவிட்டது, சிந்தின தேனைக் கண்டுபிடித்து. உலகம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். துடைக்கவேண்டும் என்று தோன்றியது, கை எழவில்லை. அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டாள், சட்டைக் கையால் முகத்தைத் துடைத்ததில் கன்னமெல்லாம் தேன் அப்பிக்கொண்டது, மதினி அதைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துவிட்டு எழுந்து குழாயைத் திறந்துவிட்டாள்.

'கையைக் கழுவு. நேரமாவுது. நர்ஸம்மா கட்டிலுக்குப் பக்கத்துலயே நிக்கா, தேனுன்னு வாயத் தொறந்தா ஏசுதா. ஒம் மருமவ கேக்க மாட்டேங்கா, அத்தை வந்து வச்சாத்தான் பால் குடுப்பேங்கா. பாட்டில எடுத்துக்க, அவ தின்னட்டும். பிள்ளைக்கு…' மதினி குரலைத் தாழ்த்தினாள், புறவாசலில் ஈயைத் தவிர வேறு யாரும் இல்லை என்றாலும். 'பிள்ளைக்கு அன்னைக்கு வச்ச மாதிரியே வையி.'

'மயிலுகிட்ட?'

'அவகிட்ட எதுக்கு. அவ நல்லாத்தான வந்திருக்கா.'

உலகம்மாள் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினாள். இடுக்கில் பிசுக்கு இருக்கிறதா என்று ஒவ்வொரு விரலாக முகர்ந்து பார்த்தாள், மூன்றாம் தரமும் கழுவினாள். முகத்தையும் கழுவினாள். வீட்டுக்காரரின் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, அங்கே தொங்கிய பிச்சிப்பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். வீங்கின மோதிர விரலை மதினி மறுபடி பார்த்தாள், பக்கத்து விரலைத் தொட்டு, 'இதை வையி' என்றாள். உலகம்மாள் அந்த விரலை நல்ல சேலையின் கொசுவத்துக்குள் விட்டு ஒரு தரம் துடைத்தாள், இன்னொரு தரம் துடைத்தாள். மதினி கண்ணைத் திறந்துகொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.